பன்னிரண்டாவது அச்சு

பந்தயப் படகு கட்டும் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. படகு தண்ணீரில் இறங்கியதும் முதலாளி சம்மட்டியை எடுத்து, அதை வார்த்த ஃபைபர் அச்சை உடைத்துவிடுவார். அதே வடிவத்தில் வேறு யாருக்கும் படகு கிடைத்துவிடக் கூடாதாம். பதினொரு அச்சுகள் அப்படி உடைந்து கொல்லைக்குப் போயிருந்தன.

பன்னிரண்டாவது, வழக்கமாக இங்கேயே படகு வாங்கும் பந்தயக் கேப்டன் ஒருவருக்காகச் செய்தது. அதை உடைக்க வந்தபோது குறுக்கே நின்றாள் அவருடைய தங்கை. அச்சு செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளங்கையால் தடவியே மயிரிழை மேட்டைக் கண்டுபிடித்துவிடுகிறவள்.

"இதை விடுண்ணா. கேப்டனோட புதுப் படகுக்கு மூக்கு மட்டும்தான் வேற. முன்னால ரெண்டு மீட்டரை வெட்டிட்டு மாத்திக் குடுத்திடறேன்."

"பழைய அச்சுன்னு தெரிஞ்சா அவர் திரும்பிப் பார்க்காம போயிடுவார். இந்த வருஷம் நம்ம கையில இருக்கறது இந்த ஒரு ஆர்டர்தான்."

"ஒரே ஒரு படகுக்காக இவ்வளவு பிசினையும் ஃபைபரையும் கொட்டி, அப்புறம் உடைச்சுப் போடறோம். உனக்கே உறுத்தலையா?"

"சரி, செய். ஆனா அவர்கிட்ட மூச்சு விடாதே."

மூன்று வாரம் முகமூடியும் உப்புத்தாளுமாகக் கிடந்தாள். பிறகு கார்பன் துணியை அடுக்கிப் பிசினேற்றி வார்த்தெடுத்த படகைப் பார்த்தபோது, அண்ணனுக்கே புது மூக்கின் இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. அப்படியொரு கை அது.

கேப்டன் வந்தார். படகைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "பிரமாதம். அச்சை உடைச்சாச்சா?"

முதலாளி தங்கைக்குக் கண்ணைக் காட்டினார். தங்கைக்குப் பொய் வரவில்லை.

"இல்லைங்க சார். இது உங்க போன படகோட அச்சுதான். மூக்கை மட்டும் மாத்தினேன்."

கேப்டனின் முகம் சுருங்கியது. "என் படகு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாதுன்னுதானே இங்கே வர்றேன்?"

அவள் கொல்லைக் கதவைத் திறந்து காட்டினாள். பதினொரு அச்சுகளின் சில்லுகள் சுவர் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அவள் இழுத்தெடுத்த துண்டில் கேப்டனின் முதல் படகு எண் பளிச்சென்று இருந்தது.

"அந்தப் படகு பாறையில மோதிப் போய் எட்டு வருஷமாச்சு. இது மக்கலை சார். எரிச்சாலும் விஷப் புகைதான்."

கேப்டன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஜெயிச்சதை எல்லாரும் மறந்தாச்சு. என் பேர் சொல்ல இந்தக் குப்பைதான் மிச்சம்போல." வறண்ட சிரிப்பு ஒன்று வந்தது. "சொல்லலைன்னா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேம்மா. அடுத்த படகுக்கும் இதையே மாத்தித் தர முடியுமா?"

"தாராளமா."

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் அவர் போன பிறகு முதலாளியால் குவியலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"தொழில் ரகசியத்தைக் காப்பாத்தறதா நெனச்சு இத்தனை வருஷமும் குப்பையைத்தான் சேர்த்திருக்கேன். நல்ல படகு செஞ்சா மட்டும் பத்தாது, அதைச் செய்யற விதமும் நல்லா இருக்கணும். உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே" என்றார் தங்கையிடம்.