சாந்தோ

ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்து மார்பு வரைக்கும் இழுக்கப் பார்த்தாள் அஞ்சலாட்சி. பாதி தூரம் வந்தது. அதற்கு மேல் அசையவில்லை. முத்தியால்பேட்டைக் கடைத்தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"வுட்டுடும்மா. கை நழுவுனா மூஞ்சிலயே அடிச்சிடும்," என்றார் கடைக்காரர் பக்கிரி. சைக்கிள் டியூப், பம்புசெட் வாஷர், ஆஸ்பத்திரிக் குழாய் என்று ரப்பரில் எது வேண்டுமானாலும் அவரிடம் கிடைக்கும்.

வீட்டில் அவள் புருஷன் தெய்வசிகாமணி பாயில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக மில் பஞ்சைத் தின்ற நெஞ்சு. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. படுத்த நாளிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார், கொடுக்காவிட்டால் சும்மா கிடந்தார். நேற்றுக் காலையில்தான் திடீரென்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சாந்தோ... புதுசா ஒண்ணு வாங்கியா," என்றார்.

அவள் காதில் அது சாண்டோ என்று விழுந்தது. கையில்லாத பனியன். இருந்ததெல்லாம் தோளில் கிழிந்துதான் தொங்கின. ஓடிப்போய் வாங்கி வந்து விரித்துக் காட்டினாள். அவர் பனியனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி கைகளைத் தூக்கிக் கொடுத்தார். அவள் மாட்டிவிட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று பார்க்க வந்த தேவதாஸிடம் பனியன் வாங்கிய கதையைச் சொன்னாள். தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. ரப்பரை இழுத்து மாட்டி, தண்ணீருக்கடியில் ஈட்டியை எய்கிற மீன் துப்பாக்கியைத் தெய்வசிகாமணிக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். மில் லீவு நாட்களில் தெய்வசிகாமணி அதோடு கடலில் பழைய பாலத்துத் தூண்களுக்கடியில் முங்கி, களவா மீனைக் குத்தி எடுத்து வருவார். வலை இருக்கும்போது இது என்ன நரிக்குறவன் வேலை என்று வீராம்பட்டினத்து வலைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

கதையைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்த தேவதாஸ் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தங்கச்சி, அவன் பனியனக் கேக்கல. துப்பாக்கில மாட்டுற ரப்பருக்கு பிரான்சுல சாந்தோன்னுதான் பேரு. நான் சொல்லிக் குடுத்த வார்த்த அது."

அவள் பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கிப் பார்த்தாள். ரப்பர் வெடித்துப்போய், தொட்டால் கையில் பிசுபிசுத்தது. அதை அறுத்து மாதிரிக்கு எடுத்துக்கொண்டாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் அமிர்தவல்லியை உட்காரச் சொல்லி, தோ வந்துடறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் விழிக்கும்போது கேட்ட பொருள் கையில் இருக்க வேண்டும். விழிப்பாரா என்பதை அவள் யோசிக்கவில்லை.

பக்கிரி இரண்டு குழாய்களை எடுத்துப் போட்டிருந்தார். ஒன்று கறுப்பு, கட்டைவிரல் தடிமன். மற்றது ஆஸ்பத்திரியில் போடுகிற மஞ்சள், சுண்டுவிரல்கூட இல்லை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் உடனே மூடிக்கொள்ள வேண்டும், இழுத்தால் வெடிப்புத் தெரியக் கூடாது என்று தேவதாஸ் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டிலும் குறையில்லை.

"யாருக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. ஒடம்புக்கு முடியாம இருக்காரு."

"அப்ப மஞ்சளே போதும். கறுப்ப இழுக்கறதுக்குன்னு ஆளு வேணும்."

மஞ்சளை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கே சுலபமாக வந்தது. தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தால் அவருக்கும் வரலாம். ஆனால் விரலில் உருட்டிய உடனே கண்டுபிடித்துவிடுவார். பனியனைப் பார்த்த மாதிரியே இதையும் பார்ப்பார். பிறகு கைகளைத் தூக்கிக் கொடுப்பார்.

கறுப்பை மறுபடி மிதித்துக்கொண்டு இழுத்தாள். துப்பாக்கியின் கட்டையை நெஞ்சில் முட்டுக்கொடுத்துத்தான் அவர் ரப்பரை இழுப்பார். அந்த இடம் காய்த்துக் கறுத்துப்போயிருந்தது. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று திட்டிக்கொண்டே அவள் அதில் எண்ணெய் தடவியிருக்கிறாள். இவ்வளவு பலம் அந்த உடம்பில் இருந்தது என்பது, பக்கத்திலேயே படுத்திருந்தவளுக்கு இந்தக் கடையில் வைத்துத்தான் தெரிகிறது. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"கறுப்பே குடுங்க."

"இழுத்துருவாராம்மா?"

"இழுப்பாரு," என்றாள்.

பக்கிரி அளந்து வெட்டிக் கொடுத்ததைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு நடந்தாள். தெரு திரும்பும்போதே வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. அவள் நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இப்போதுதான் உயிர் போச்சு என்றார்கள். கடைசியில் கண்ணைத் திறந்து வாசலையே பார்த்தாராம். சாகக் கிடக்கிற மனுஷனை விட்டுவிட்டு ஒருத்தி எங்கே போவாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அஞ்சலாட்சி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ரப்பர் வாங்க என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் துப்பாக்கி, பனியன், சாந்தோ எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

அமிர்தவல்லி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் அந்தக் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க வெள்ளை. ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கக் கடையில் போட்டு வைக்கிற பவுடர்.

"கோயிலுக்கா ஓடுன, அஞ்சல?" அமிர்தவல்லியின் குரல் உடைந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஆத்தாகிட்ட துண்ணூறு வாங்கியாரப் போயிருக்கா. வாய்க்கு வந்ததப் பேசாதீங்க."

அமிர்தவல்லி அவளை இழுத்துப்போய்த் தம்பியின் தலைமாட்டில் உட்காரவைத்தாள்.

"பூசிவுடு."

அஞ்சலாட்சி மூன்று விரலால் அவர் நெற்றியில் பூசினாள். சரியாகப் படியவில்லை. அமிர்தவல்லி சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து அதன்மேல் இழுத்துவிட்டாள். அப்போதும் அது திருநீறு மாதிரி குழையவில்லை. ஒரு சொட்டு மட்டும் வெள்ளையில் கலக்காமல், அவருடைய புருவத்துக்கு மேலே உருண்டு நின்றது.