ஓட்டை விலகிய காலணா

ஊரார் செல்லாது என்று ஒதுக்கும் காசுகளைத்தான் பாஸ்கரன் தேடித் திரிந்தான். திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவனுக்குக் காசுக்கா பஞ்சம்? ஓரம் நழுவி அச்சானது, ஒரே முகம் இருமுறை பதிந்தது என்று எது வந்தாலும், தன் காசை ஈடாகப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வான். காசைப் புளி போட்டுத் துலக்குவதே சுத்தம் என்று நம்பும் ஊரில், அவன் ஒருவன்தான் அதன் முகத்தில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, கஞ்சி போக அலசிய மல்துணியில் பொதிந்து, பிஸ்கட் டப்பாவில் அடுக்கினான். வியர்வை உப்பு செம்பைத் தின்றுவிடும் என்று அவன் சொன்னால் வீட்டில் யார் கேட்டார்கள்?

டப்பாவில் தலையாயது ஓர் ஓட்டைக் காலணா. நடுவில் இருக்கவேண்டிய ஓட்டை விலகி, கிரீடத்தைப் பாதி விழுங்கிவிட்டு விளிம்போரம் நின்றது. அச்சான நாளின் செம்பு மினுக்கு அதில் இன்னும் மங்கவில்லை.

1958ஆம் ஆண்டு ஆடியில் ஒருநாள் காலை, அதன் பொதி வெறுமையாகக் கிடந்தது.

"மயிலு, காலணா எங்க?"

"சமயபுரத்தாளுக்கு முடிஞ்சு வச்சிருக்கேன்" என்றாள் அவன் மனைவி மயிலம்மாள். மகள் வள்ளிக்கண்ணு சில நாள்களாகக் காய்ச்சலில் கிடந்தாள். "நயா பைசாவையா முடியறது? நீங்க பொத்திப் பொத்தி வச்ச காசாச்சே, ஆத்தா மனசு எறங்குவான்னு எடுத்தேன்."

சாமி மாடத்தில் மஞ்சள் துணி முடிச்சு ஈரம் உலராமல் இருந்தது. ஈர மஞ்சளில் கிடந்தால் செம்பு திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். ஆயினும் நோயாளிக் குழந்தைக்கு முடிந்ததை அவிழ் என்று எந்த வாயால் சொல்வது? அப்போதுதான் அவனுக்கு அந்தப் புத்தி வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"அது பின்னமான காசுடி. ஓட்டை எங்க இருக்கு பாரு. மூளியானதைச் சாமிக்கு வைக்கலாமா?"

மயிலம்மாள் வெலவெலத்துப் போனாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். "வெவரம் தெரியாமப் பண்ணிட்டேனே தாயே!"

காலணாவை ஒற்றி உலர்த்தி டப்பாவில் வைத்துவிட்டு, வேலைக்குப் போனவன் பக்கத்து ஜன்னல் தைரியராஜிடம் தன் சாமர்த்தியத்தை அளந்தான்.

"ஏம்ப்பா, பின்னமான சாமி செலைய நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டான் தைரியராஜ்.

"ஆத்துல விட்டுடுவோம்."

"உன் டப்பாவுல வேற என்னதான் இருக்கு?"

பாஸ்கரன் கை நின்றது. அடுத்து வந்தவரிடம் எதையோ எடுத்து நீட்டினான்.

"யோவ், நான் கரூர் போவணும்யா! தஞ்சாவூருக்குக் குடுக்கிறியே!"

தைரியராஜிடம் ஜன்னலை ஒப்படைத்துவிட்டு ஓடினான். பஸ்ஸில் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "எந்திரிச்சு நின்னா பஸ் வெரசாப் போயிடுமா சார்?" என்றார் கண்டக்டர். பாலத்துக்குக் கீழே காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. அந்த வெள்ளத்தில் விழுந்த காசை யார் தேடி எடுப்பது?

ஸ்ரீரங்கத்து வீட்டில், பக்கத்து வீட்டு இருசம்மாள் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"மயிலு ஆத்துக்குப் போயிருக்குங்க, அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு. அந்த டப்பா வீட்டுல இருக்கறதாலதான் புள்ளைக்குத் தீரலயாம்."

காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. திரும்பி ஓடினான்.

மயிலம்மாள் நீர் அலம்பும் படியில், டப்பாவை இடுப்பில் இடுக்கி நின்றிருந்தாள்.

"மயிலு, நில்லு!"

"கிட்ட வராதீங்க. தெரிஞ்சேதானே இத்தனை மூளியையும் வீட்டுல அடுக்கி வச்சீங்க? பெத்த புள்ள கெடக்கறது கண்ணுல படலயா?"

"ஒண்ணும் பின்னமில்லடி. ஒடஞ்சாத்தான் பின்னம். இதெல்லாம் பொறப்பே இப்படி."

"காலையில வேற சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அந்தக் காசு ஆத்தாளுக்கு ஆகுமா, ஆகாதா?"

ஆகாது என்றால் டப்பாவே ஆற்றோடு போகும். ஆகும் என்றால் காலணா போகும். காலையிலிருந்து தான் மகளின் நெற்றியை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது பாஸ்கரனுக்கு அங்கேதான் உறைத்தது.

"ஆகும்" என்றான்.

டப்பாவைத் திறந்து, பொதியைப் பிரித்து, காலணாவைத் தானே எடுத்துக் கொடுத்தான். மயிலம்மாள் அதன் இரு முகத்திலும் ஈரவிரல்கள் பதிய அழுத்திப் பிடித்தாள். அவள் இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியை ஆற்றில் நனைத்து, காசை நடுவில் வைத்து முடிந்தாள்.

"ஒரு முடிச்சு பத்தாது. இறுக்கி இன்னொண்ணு போடு" என்றான் பாஸ்கரன். "வீட்டுக்குப் போகலாம். புள்ள தேடும்."