அம்மாவின் குரல் மட்டும்

எங்கள் சமூகத்தின் அறிவிப்புகள் எல்லாம் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டன. தலைவன் நான், உற்சவத் தேதியே எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. அதனால் கரமனை நூலக மாடியில் முதியவர்களுக்காக ஸ்மிதா என்ற மலையாளப் பெண் நடத்தும் சனிக்கிழமை போன் வகுப்பில் சேர்ந்தேன்.

வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "கண்ணுக்குக் கெடுதல்ப்பா" என்றான் மகன் ஸ்ரீநிவாஸ். "ஏன்னா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள் மனைவி சீதாலக்ஷ்மி. என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வகுப்பில், எனக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம் என்று போன் சில முகங்களைக் காட்டியது. முதல் முகம் சேஷன்.

"சாரோட ஜாடை அப்படியே இருக்கே! தம்பியா?" என்றாள் ஸ்மிதா.

"தம்பியாக இருந்தான்."

"சாரோட வீட்டு ஆளுகள் எல்லாம் இவருக்கு ஃப்ரெண்ட்ஸ்தானல்லோ!"

பார்த்தேன். மனைவி, மகன், மருமகள் விஷ்ணுப்ரியா. எங்கள் வீட்டுச் சடங்குகளைச் செய்துவைக்கும் வாத்தியார்கூட.

அம்மா கடைசி நாட்களில் சேஷன் வீட்டில் இருந்தாள். நான் காசியிலிருந்து வந்து சேர்வதற்குள் அவள் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டான். அம்மாவின் ஆசை என்றான். பொய் என்றேன். எங்கள் குலத்தில் யாரும் நெருப்பில்லாமல் போனதில்லை. வாத்தியார் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து கொடுத்தார்; ஆற்றங்கரையில் அதற்குக் கொள்ளி வைத்தேன். இனி சேஷனோடு யாரும் பேசக் கூடாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஏழு வருஷமாக அந்தத் தலையாட்டலை நம்பியிருந்தேன்.

அவன் பக்கத்தில் ஒரு வீடியோ இருந்தது. ஸ்மிதா தொட்டதும் ஓடியது. அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"படிக்கற பசங்களுக்கு உபயோகப்படட்டும். என்னை எரிக்க வேண்டாம்."

படம் எடுப்பவரின் குரல் கேட்டது: "அவர்கிட்ட நான் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாம். அவன் ஒத்துக்க மாட்டான்."

கேட்டது சீதாவின் குரல்.

வீட்டுக்குப் போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். "அந்தக் குரல் உன்னுதுதானே?"

அவள் அடுப்பை அணைத்தாள். "ஆமாம்."

"புல்லைக் கட்டி எரிச்சேனே. தெரிஞ்சுண்டே பாத்துண்டு இருந்தியா?"

"உங்களுக்கு ஆறுதலா இருந்துது. அதை ஏன் கெடுக்கணும்?"

"அம்மா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"கேக்கறவாகிட்டதானே சொல்லலாம்? நீங்க அம்மாவுக்கே உத்தரவு போட்டிருப்பேள். இத்தனை வருஷம் எல்லாரும் வாயை மூடிண்டு இருந்ததும் உங்க மேல வச்ச மரியாதைதான்."

மரியாதை! வீடே கூடி என்னை ஏமாற்றியதற்கு அவள் வைத்த பெயர் அது. அன்று நான் அவள் கையால் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்மிதாவிடம் கேட்டேன். "அந்த வீடியோவில் அம்மாவின் குரலை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? மற்றவள் குரல் வேண்டாம்."

"முடியும் சார். பக்ஷே, கேள்வியை எடுத்தா பதில் மட்டும் தனியா நிக்குமே?"

"நிற்கட்டும்."

வெட்டிக் கொடுத்தாள். எந்த இடத்தில் தொட வேண்டும் என்று இப்போது எனக்கே தெரியும். தொட்டேன். அம்மா நிமிர்ந்தாள். எரிக்க வேண்டாம் என்றாள். பிறகு, குறுக்கே யாரும் இல்லாமல், நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"வேண்டாம். அவன் ஒத்துக்க மாட்டான்."