பாலத்திலிருந்து தீர்த்தம் வரை

நோஹெமி அர்ரோயாவேயின் யமஹாவுக்கு விலையே கிடையாது. கேட்டவர்களிடமெல்லாம் அவள் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அது ஒருமுறை விலைபோயிருக்கிறது: ஒரு சினைப் பன்றி, ஒரு கேசட் ரேடியோ, கொசுறாக மூன்று முழம் ரப்பர் குழாய்.

விற்றது அவள் புருஷன் ஆர்ஹெமிரோ. வாங்கியது கோவேறு கழுதைத் தரகர் லிபார்தோ சுலுவாகா. வியாபாரம் முடிந்த இடம் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தா. அந்த நேரத்தில் நோஹெமி உள்ளே மகளைப் பெற்றுக்கொண்டிருந்தாள். பிள்ளையோடு வீடு திரும்பியவள், வண்டி நின்ற இடத்தில் பன்றி படுத்திருக்கக் கண்டாள். "பிள்ளைக்காரிக்கு இனிமே எதுக்கு மலையேறுற வண்டின்னுதான்..." என்று ஆர்ஹெமிரோ அன்று ஆரம்பித்த பேச்சு இருபத்திரண்டு வருஷமாக முடியவில்லை. அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் அவள் "பன்னி" என்று ஒரே வார்த்தை சொல்வாள். அவர் எழுந்துபோய் விறகு பிளப்பார். அந்த வீட்டில் விறகுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி அது. டூ ஸ்ட்ரோக், நூற்றெழுபத்தைந்து சிசி, கல்லோ சேறோ பார்க்காமல் ஏறும் முள் டயர். மேட்டுப் பண்ணைகளில் சீஸ் வாங்கி சான் லோரென்சோ சந்தையில் விற்பது நோஹெமியின் தொழில். கழுதைக்காரர்கள் பாதி மலை ஏறுவதற்குள் அவள் நல்ல சரக்கையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டி இறங்கிக்கொண்டிருப்பாள். எதிரே வரும் கழுதைகளுக்கு நீலப் புகை, கழுதைக்காரர்களுக்கு ஒரு கையசைப்பு. லிபார்தோ சும்மாவா வாங்கினார்? வண்டியைக் கொண்டுபோய்க் கோழிக் கொட்டகையில் போட்டார். மறு வாரமே அவளுக்கு ஒரு கழுதையை விற்றார். அதன்பிறகு இரண்டு கழுதை. கடைசியாக வந்த மார்கேசா மூன்று பள்ளத்தாக்கிலும் பேர்போன வெள்ளைக் கழுதை. இப்போது அதுதான் நோஹெமியின் சோறு. விற்ற நாளிலிருந்தே லிபார்தோவுக்கு அதன்மேல் ஒரு கண்.

மகள் கல்யாணமாகி மெதெயின் நகரத்துக்குப் போன மறுநாள், நோஹெமி லிபார்தோவின் கொட்டகை வாசலில் போய் நின்றாள். வண்டியின் சீட்டில் சிவப்புக் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. டேங்க் முழுக்க எச்சம்.

"என்ன தங்கச்சி, கோழி வாங்கவா?"

"கோழி உக்காந்திருக்கிற சாமானை வாங்கண்ணே."

"அது விக்கிறதுக்கு இல்லம்மா. அந்தக் கோழிக்குத் தாய்வீடே அதுதான்."

"புதுச் சேணம் ஒண்ணு தர்றேன். ஹெரிகோ ஊர்த் தோலு, கை படல."

"சேணத்தை வாங்கி நான் எது மேல போட? உன் மார்கேசாவைக் கொடு, அது மேல போட்டுக்கிறேன்."

மூன்று குவளை காபி போயிற்று. இரண்டு முறை அவள் எழுந்து போவதுபோல் போனாள். இரண்டு முறை அவர் கூப்பிடாததுபோல் கூப்பிட்டார். கடைசியில் பேச்சு பந்தயத்தில் வந்து நின்றது. லிபார்தோ தன் மீசையில் ஒரு மயிரைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். அந்த ஊரில் பத்திரம் கிழியும், மீசை மயிர் கிழியாது.

"வார்த்தையைத் தெளிவாச் சொல்லுங்கண்ணே, நாளைக்குத் தகராறு வேண்டாம்."

"கார்மேல் மாதா திருநாளன்னிக்கு வண்டியெல்லாம் மந்திரிப்பாங்கல்ல, அன்னிக்கு. பாலத்துலேருந்து, கோயில் வாசல்ல சாமி தெளிக்கிற தீர்த்தம் வரைக்கும், இது தன் இன்ஜின் பலத்துல வரணும். யாரும் தள்ளக் கூடாது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. வந்துட்டா, சேணத்துக்கு வண்டி. வரலையா, வண்டி என்னுது, சேணம் என்னுது, மார்கேசாவும் என்னுது."

"அவ்வளவுதானே? வேற நிபந்தனை இல்லையே?"

"வேற என்ன இருக்கு? அந்தப் பொணம் எழுந்திரிச்சா பாத்துக்கலாம்."

"கொசுறு?"

"ஜெயிச்சா கோழியையும் தூக்கிட்டுப் போ."

திருநாளுக்கு எட்டு வாரம் இருந்தது. அவள் வண்டியை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள்.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கல்லாகியிருந்தது. நோஹெமி ஸ்பார்க் பிளக் துளை வழியாக டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டாள். எட்டாம் நாள் கட்டையை வைத்துத் தட்டியதும் அது பெருமூச்சு விட்டு இறங்கியது. ஏர் ஃபில்டர் பெட்டியில் எலிக் குடும்பம் ஒன்று நாலு தலைமுறையாகக் கூடு கட்டியிருந்தது. டேங்க் துரு போக உள்ளே ஒரு கிலோ நட்டும் டீசலும் போட்டு மூடி, ஆர்ஹெமிரோ கையில் கொடுத்தாள். அவர் அதைப் பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் மடியில் வைத்து மூன்று நாள் குலுக்கினார். அக்கம்பக்கத்தார் அவர் கிடார் கற்றுக்கொள்வதாக நினைத்தார்கள்.

மெதெயினில் பழைய சாமான் தெருவுக்குப் போய், அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்கு அரை நாள் பேரம் பேசினாள். கடைக்காரன் நாற்பத்தையாயிரம் பெசோவில் ஆரம்பித்தான்; மனைவி, மக்கள், வாடகை எல்லாவற்றையும் துணைக்கு அழைத்தான். அவள் பையிலிருந்து ஒரு துண்டு சீஸ் எடுத்து அவன் வாயில் போட்டாள். இருபத்தெட்டில் முடிந்தது. அடுத்த தடவை வரும்போது ஒரு கிலோ கொண்டுவரச் சொல்லி முன்பணமும் கொடுத்தான்.

லேத்தில் சிலிண்டர் கடைந்து வந்தது. கிளச்சுத் தட்டுகளைப் பிரித்துத் தேய்த்தார்கள். வயரிங்கைப் புதிதாக இழுத்தார்கள். ஆயில் பம்ப் செத்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றினாள். சிவப்புக் கோழி கொட்டகையிலிருந்து தானாகவே நடந்து வந்து, அவிழ்த்து வைத்த சீட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு வேலையை மேற்பார்வை பார்த்தது.

திருநாளுக்கு முந்தின மத்தியானம், நாலாவது உதையில் வண்டி பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் நோஹெமிக்கு ஐம்பது வயதும் தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. நீலப் புகை வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. அவள் இருமிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து விக்கலெடுக்கும்வரை சிரித்தாள். ஆர்ஹெமிரோ பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளைக்காரிக்கு..." என்று ஆரம்பித்தார். அவள் சிரித்த சிரிப்பில் "பன்னி" வரவில்லை. எப்படி முடிப்பது என்று தெரியாமல் அவரே எழுந்துபோய் விறகு பிளந்தார்.

மறுநாள் பாலத்தடியில் ஊர் வண்டிகள் முழுக்க வரிசை கட்டி நின்றன. வாழைத்தார் கட்டிய ஜீப்புகள், காகிதப்பூ சுற்றிய லாரிகள், பலூன் கட்டிய பேருந்து. மேலே, இரண்டு தெரு ஏற்றத்துக்கு அப்பால், கோயில் வாசலில் பங்குச் சாமியார் தூலியோ தீர்த்த வாளியும் தெளிகட்டையுமாக நின்றார். ஹாரன் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. லிபார்தோ மார்கேசாவைப் பிடித்துப்போக ஒரு கயிறுகூடக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

முன்னால் இருந்த வண்டிகள் போய்விட்டன. நோஹெமி கிக்கரை உதைத்தாள். அது முழங்காலில் திருப்பி அடித்தது. ஆனாலும் வண்டி பிடித்துக்கொண்டது. சத்தத்தில் மட்டும் என்னவோ தும்மல் கலந்திருந்தது. முதல் கியர் போட்டாள். கிளச்சை விட்டாள்.

வண்டி பின்னால் பாய்ந்தது. பின்னால் நின்ற ஜீப்பின் வாழைத்தாருக்குள் போய்ச் சொருகிக்கொண்டு நின்றது.

அணைத்துவிட்டு மறுபடி உதைத்தாள். மறுபடியும் பின்னால். மூன்றாவது தடவையும் அதே வாழைத்தார். ஜீப்காரன், "அக்கா, பழம் வேணும்னா கேட்டிருக்கலாமே" என்றான். ஊர் சிரித்தது. லிபார்தோ கயிற்றின் சுருக்கை அவிழ்த்து மெதுவாக நீட்டிப் பார்த்தார்.

நோஹெமி புருஷன் பக்கம் திரும்பினாள். "நேத்து ஒழுங்கா இருந்துச்சு. காலையில இதைத் தொட்டியா?"

"தொடல. பொறி விழுற பாயின்ட்டை மட்டும் துடைச்சு, கேப்பு வச்சேன்."

"எதை வச்சு கேப்பு பாத்த?"

"சிகரெட் தாள் வச்சுத்தான் பாக்கணும், தெரியும். சிகரெட்டைத்தான் நீ நிறுத்திட்டியே, தாளுக்கு நான் எங்க போவேன்? சட்டைப் பையில மாதா படம் இருந்துச்சு. இன்னிக்கு அவங்க திருநாளாச்சேன்னு அதைச் சொருகி..."

மாதா படம் நல்ல கெட்டி அட்டை. சிகரெட் தாளை எட்டாக மடித்தாலும் அந்தத் தடிமன் வராது. நோஹெமிக்கு நொடியில் விளங்கிவிட்டது. இடைவெளி கூடினால் பொறி முந்தி விழும். பொறி முந்தினால் மேலேறும் பிஸ்டனை அது எதிர்ப்பக்கமாக உதைத்துத் தள்ளும். மற்ற இன்ஜினாக இருந்தால் ரோஷப்பட்டு நின்றுவிடும். டூ ஸ்ட்ரோக்குக்கு அந்த மானம் மரியாதையெல்லாம் கிடையாது. எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கமே சந்தோஷமாக ஓடும். கேப்பைச் சரிசெய்ய அரை மணி நேரம் வேண்டும். மேலே சாமியாரின் வாளியில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது.

அவள் லிபார்தோவைப் பார்த்தாள். பார்வையில் சந்தை நாள் வெளிச்சம்.

"அண்ணே, நம்ம வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க."

"பாலத்துலேருந்து தீர்த்தம் வரைக்கும், தன் இன்ஜின் பலத்துல. தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது."

"மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு சொன்னீங்களா?"

லிபார்தோவின் கை மீசைக்குப் போனது.

நோஹெமி வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். பின்சக்கரம் கோயிலைப் பார்த்தது, ஹெட்லைட் ஆற்றைப் பார்த்தது. உதைத்தாள், திருப்பி அடித்தது, கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தபடி கிளச்சை விட்டாள். வண்டி பின்பக்கமாக ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. இரண்டு காலும் வாத்துக் கால்போலத் தரையைத் தடவிக்கொண்டே வந்தன. ஆர்ஹெமிரோ கூடவே ஓடினார்.

"இடது, இடது. உன் இடது இல்ல, என் இடது."

"உன் இடதை நம்பித்தான்யா இந்தக் கதிக்கு வந்தேன்."

பேருந்துகூட ஹாரனை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. பாதி ஏற்றத்தில் இன்ஜின் நின்றுபோனது. மறுபடி உதைக்கும்போது பாழாய்ப்போனது ஒழுங்காகப் பிடித்துவிட்டால் வண்டி ஆற்றுக்குப் போகும், மார்கேசா லிபார்தோவோடு போகும். வண்டி கெட்டபடியே இருக்க வேண்டுமென்று நோஹெமி மாதாவிடம் வேண்டிக்கொண்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். வேண்டுமென்றே அரைமனதாக உதைத்தாள். கிக்கர் முழங்காலில் விட்டது ஒரு அடி. அத்தனை இனிப்பான அடியை அவள் வாங்கியதே இல்லை.

சாமியார் வாளியின் அடியிலிருந்து கடைசித் தண்ணீரை வழித்துத் தெளித்தார். அது வண்டியின் பின்விளக்கில் விழுந்து வழிந்தது.

லிபார்தோ மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "செல்லாது சாமி. இவ காலைத் தரையில ஊணிட்டே வந்தா."

"உங்க கழுதையும் காலைத் தரையில ஊணித்தான்ணே ஏறுது," என்றாள் நோஹெமி. "அதை யாரும் தள்ளுறதாவா அர்த்தம்?"

"தீர்த்தம் முன்னாடி விழல, பின்னாடி விழுந்திருக்கு. அது மந்திரிச்சதாகுமா?"

சாமியார் வாளியைக் கவிழ்த்து வைத்தார். "லிபார்தோ, நீ ஞாயித்துக்கிழமை பூசை முடியறதுக்கு முந்தியே வாசலைத் தாண்டுற ஆளு. முப்பது வருஷமா என் ஆசீர்வாதம் உன் முதுகுலதான் விழுது. அது செல்லாதுன்னா சொல்லு, ரெண்டையும் சேத்தே தள்ளுபடி பண்ணிடறேன்."

லிபார்தோ கயிற்றைச் சுருட்டினார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மீசைக்குள்ளேயே குலுங்கினார். "தங்கச்சி, அந்த மயிரையாவது திருப்பிக் கொடு."

"அது மட்டும் விக்கிறதுக்கு இல்லண்ணே."

அன்று சாயங்காலம் பாயின்ட்டை ஒழுங்காக வைத்து, வண்டி முன்பக்கமாகவும் ஓடும் என்பதை ஊருக்குக் காட்டிவிட்டு வந்து, சமையலறை மேசையில் நோஹெமி கணக்குச் சொன்னாள். ஆர்ஹெமிரோ கோடரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

லிபார்தோவுக்குப் போனது: சேணம் ஒன்று. வந்தது: வண்டி ஒன்று, சிவப்புக் கோழி ஒன்று, மீசை மயிர் ஒன்று. அந்தக் கணக்கு தீர்ந்தது.

ஆர்ஹெமிரோ தர வேண்டியது: சினைப் பன்றி ஒன்று, கேசட் ரேடியோ ஒன்று, ரப்பர் குழாய் மூன்று முழம். மாதா படத்தை வைத்து வண்டியைக் கெடுத்ததற்கு மேற்கொண்டு அரைப் பன்றி. கெட்டது கடைசிவரை கெட்டபடியே நின்று கழுதையைக் காப்பாற்றியதற்குக் கழிவு ஒரு பன்றி. டேங்க் குலுக்கியதற்குக் குழாய் தள்ளுபடி.

பாக்கி: அரைப் பன்றி, ரேடியோ ஒன்று. ரேடியோவில் கேசட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.