ஒரு வாய் தண்ணீர்

வாடிய முகமாய் ஒரு சப்பாத்திக்கள்ளி. வாசலோரம், குளிர்கால வெயிலில், மட்டை மட்டையாகச் சுருங்கித் தரையோடு படுத்துக் கிடந்தது.

சாகவில்லை. தூக்கம். நியூ மெக்சிகோவின் இந்த மேட்டுப் பாலையில் அதற்கு அப்படித்தான் பழக்கம். குளிர் வருமுன் உடம்பின் நீரைத் தானே குறைத்துக்கொள்ளும். நீர் இருந்தால்தானே பனி அதை உறைய வைக்கும்?

இதை எத்தனை தடவைதான் சொல்வது?

மன்னார்குடியிலிருந்து மாமனார் வந்திருந்தார். நான் அரிசி கழுவினால் போதும், அடுப்படி வாசலில் வந்து நின்றுவிடுவார். கழுநீரைக் கீழே கொட்ட விடமாட்டார்; வாங்கிப்போய்க் கள்ளிக்கு ஊற்றுவார்.

"ஊத்தாதீங்க மாமா."

"பாவம்மா, வாடிப்போயி கெடக்கு. ஒரு வாய் தண்ணிதானே."

ஒரு வாய். தினமும் ஒரு வாய். கணவர் பரிதியிடம் சொன்னால், "அப்பாவுக்கு இங்க வேற என்ன பொழுதுபோக்கு, விடேன்" என்றார். விடேனாம்!

இங்கே மல்லிகை வைத்தேன், செத்தது. கறிவேப்பிலை வைத்தேன், அதுவும் செத்தது. இந்த ஊரில் என் கையால் பிழைத்தது இது ஒன்றுதான். வரும் வசந்தத்தில் முதல் பூ விடும் என்று காத்திருந்தேன்.

மட்டைகள் நிமிர்ந்தன. கொழுகொழுவென்று பச்சை. "பாத்தியா?" என்றார் மாமா, பெருமையாக.

பனி இறங்கியது. விடிந்தபோது எல்லா மட்டையும் வெந்த கத்தரிக்காயாகத் தொளதொளத்துக் கிடந்தது.

கத்திவிட்டேன். "சொன்னேனே மாமா! படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

அவர் குனிந்து மட்டையைத் தொட்டார். விரல் உள்ளே போனது.

"இந்த வருசம் ஆத்துல தண்ணி வரலம்மா. குறுவை மொத்தமும் கண்ணு முன்னாடி கருகிச்சு. வாடுனத பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

என் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

சுவரோரம் ஒரே ஒரு மட்டை மிச்சம். குளிருக்கு முன்பே ஒடிந்து விழுந்தது. அவர் கண்ணில் படாதது, கழுநீர் காணாதது. தோல் மடிந்து, கெட்டியாக, உயிரோடு.

இன்று அரிசி கழுவினேன். மாமா வந்து பாத்திரத்தை வாங்கினார். நேரே அந்த மட்டையின் முன்னால் போய் நின்றார். நான் ஜன்னலில் மூச்சு விடாமல் நின்றேன்.

நெடுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, கழுநீரைச் சிங்க்கில் கொட்டிவிட்டு, அது போகும் சத்தம் அடங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வெயில். வாடிய முகமாய் ஒரு மட்டை. தரையோடு படுத்துக் கிடக்கிறது.