பதறாத பிள்ளைகள்

அலுவலகத்தில் அவர் கணக்குப் பிரிவுத் தலைவர். வீட்டில் அதைவிடப் பெரிய பதவி. சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட மகளுக்கும் மகனுக்கும் பணத்தைக் கட்டிக்காக்கக் கற்றுக்கொடுப்பவர்.

மனிதன் பதறும்போதுதான் பணம் கையைவிட்டுப் போகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்ற, அவ்வப்போது பொய்யாக ஓர் அவசரத்தைக் கிளப்பிவிடுவார். ஒருமுறை எதிர்வீட்டுக்காரரைப் போனில் போலீஸ் குரலில் பேசவைத்து, "உங்கப்பாவைப் பிடிச்சு வச்சிருக்கோம்" என்று மகளிடம் பணம் கேட்டார். அவள் அழுதுகொண்டே அனுப்பினாள். அந்த அழுகையை அவர் உறவினர்கள் முன்னால் நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தார். அன்றிலிருந்து அவள் எதற்கும் அசைவதில்லை. பாடம் ஏறிவிட்டது என்று அவருக்குத் தாங்கமுடியாத பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சோபாவில் உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சின்மேல் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் இருந்தது. இடதுகை மரத்துப்போனது.

"டேய், வண்டி கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மகன் போனிலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தான். "ஆரம்பிச்சிட்டாரு."

"வேர்வையெல்லாம் வருது பாரேன்" என்றாள் மகள். "தண்ணி தெளிச்சுக்கிட்டீங்களாப்பா?"

"சோதனை இல்லம்மா. நிஜம்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

சொன்னார்தான். அப்படிச் சொல்பவனை நம்பவே கூடாது என்று பிறகு வகுப்பெடுத்தவரும் அவரே.

சமையலறையிலிருந்து வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டாள். "ஐயோ, என்னங்க ஆச்சு? உதடெல்லாம் நீலம் பாஞ்சிருக்கே."

ஒவ்வொரு சோதனையிலும் அவர் சொல்லிக்கொடுத்தபடி அழுதவள் அவள்.

"சூப்பர்மா" என்றான் மகன். "கிண்ணம் உடைச்சதெல்லாம் புதுசு."

"பாவி, அப்பாவைப் பாருடா."

"பாத்துக்கிட்டுதாம்மா இருக்கோம். பர்ஸைத் தொடமாட்டோம்."

அவனோடு மல்லுக்கு நின்று பயனில்லை என்று அவள் வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டில் கார் இருக்கிறது. கதவைப் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. அவள் அழுதழுது ஏதோ சொன்னாள். பிறகு எதிர்வீட்டுக்காரரின் குரல், சிரிப்போடு:

"இந்தத் தடவை எனக்கு என்ன வேஷம், தங்கச்சி?"

சோபாவில் கிடந்தவருக்கு மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சில்லிட்டுக் கிடந்த அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்று உறவினர்கள் சிரித்தபோது குனிந்த முகம், இப்போது நிமிர்ந்திருந்தது.

"பாத்தீங்களாப்பா, நான் பதறவே இல்ல."

அவர் வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை. அவர் பாராட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.