ஒன்பது நிமிடம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, அமெரிக்காவில் மிச்சிகன் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

ஊர் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. அந்த ஊர்க்காரி லோர்னாவின் கணவருக்கு இதயநோய். இரு தரப்பும் போட்ட கூச்சலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கட்சியையும் சாராத ஆய்வாளர் வெண்டெல்தான் பனியில் வண்டி ஓட்டிப் பார்த்து ஊருக்கு அறிக்கை எழுதினார்: ஆம்புலன்ஸ் வீடு வந்துசேர, நிலையம் இருந்தால் ஒன்பது நிமிடம், மூடினால் இருபத்திரண்டு.

"அப்போ மூடாதீங்கன்னே எழுதியிருக்கலாமே, வெண்டெல்?" என்று லோர்னா கேட்டாள்.

"முடிவு பண்றது உங்க வேலைம்மா. அளந்து சொல்றதுதான் என் வேலை."

வாக்கெடுப்பில் நிலையம் தப்பியது. அடுத்த குளிர்காலத்தில் லோர்னாவின் கணவர் சுருண்டு விழுந்தபோது ஒன்பதாவது நிமிடம் வண்டி வாசலில் நின்றது. பிழைத்துக்கொண்டார்.

லோர்னா கண்கலங்க வெண்டெலுக்குச் செர்ரிக் கேக் கொண்டுபோனாள். அவர் மேசையில் ஏற்கெனவே ஒரு கேக். தோற்ற தரப்பு, நியாயமாக எழுதியதற்குக் கொடுத்தது. வெண்டெல் இரண்டிலும் ஒரே அளவில் துண்டு வெட்டினார்.

"இதுக்குமா அளவு? விட்டா தராசு கொண்டுவருவீங்க!" என்று அவள் சிரித்தாள்.

உங்கள் வீட்டு வாசலுக்கும் உதவி நேரத்தோடு வந்து சேரட்டும், கண்ணுகளா.